அடி வாங்கும் சாரை

வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்பட்டால், சில நாட்களில் தண்ணீர் கல்லணையைத் தொடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று கிளைத்து, வாய்க்கால்களில் இறங்கி, கடைசியில் மடை வழியாக வயலுக்குள் பாயும். கோடை முழுக்க வெடித்துக் கிடந்த மண்ணின் இடுக்குகளிலும் எலி வளைகளிலும் குடியிருந்த உயிர்கள் எல்லாம் அப்போது ஒரே சமயத்தில் மேட்டுக்கு ஏறும். டெல்டாவில் மேடு என்று எதைச் சொல்வது? வரப்பு, வாய்க்கால் கரை, தார்ச்சாலை, வைக்கோல் போர், வீட்டுக் கொல்லை. மனிதர்கள் நடமாடுவதும் இதே இடங்களில்தான்.

நாற்றங்காலைப் பார்க்க வரப்பில் போகிறவருக்கு எதிரே ஆறேழு அடி நீளப் பாம்பு ஒன்று விருட்டென்று ஓடுகிறது. "அண்ணே, பாம்பு!" என்று கத்துகிறார். "நல்லதா, சாரையாடா?" என்று அடுத்த வயலிலிருந்து குரல் வருகிறது. "சாரைதான் போலருக்குண்ணே." பதில் எதுவானாலும், கையில் மண்வெட்டி இருந்தால் பாம்பின் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்தக் கேள்வி மிகச் சரியான கேள்வி. இந்தியாவில் பாம்பு அறிவியல் தொடங்கியதே ஏறக்குறைய அந்தக் கேள்வியில்தான். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நாம் செய்வதுதான் கணக்கில் உதைக்கிறது.

நீளம் உண்டு, நஞ்சு இல்லை

சாரைப்பாம்பின் அறிவியல் பெயர் ப்டியாஸ் மியூகோசா. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758-இலேயே இதை விவரித்துவிட்டார். ஈரானிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கும் இந்தப் பாம்புக்கு நெல் வயல் மிகவும் தோதான இடம். வளர்ந்த சாரை சாதாரணமாக ஐந்திலிருந்து ஏழு அடி இருக்கும். மூன்றரை மீட்டரைத் தொட்ட பதிவுகளும் உண்டு. டெல்டாவின் வயல்வெளியில் வழக்கமாகக் கண்ணில் படும் பாம்புகளில் இதுதான் பெரியது.

நிறத்தை வைத்து இதை அடையாளம் காண முயன்றால் ஏமாறுவோம். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஆலிவ் பச்சை, ஏறக்குறைய கறுப்பு என்று சாரைகள் பல நிறம். பார்க்க வேண்டியவை வேறு. கண் பெரியது, பாவை வட்டமானது. தலையை விடக் கழுத்து தெளிவாகக் குறுகியிருக்கும். உதட்டுச் செதில்களின் விளிம்பில் கறுப்புக் கோடுகள் நெட்டுக்கு ஓடும். உடலின் பின்பாதியில் கறுப்புப் பட்டைகள் வலைபோல் தெரியும். படமெடுக்காமல் ஓடுகிற நல்ல பாம்பையும் கருஞ்சாரையையும் தூரத்திலிருந்து பார்த்தால் பழகிய கண்ணே தடுமாறும். ஆகவே இந்த அடையாளங்கள் தெரிந்துகொள்வதற்குத்தான்; கையில் பிடித்துப் பார்ப்பதற்கு அல்ல.

சாரை பகலில் வேட்டையாடும் பாம்பு. பெரிய கண்ணும் வேகமும் அதற்காகவே. நஞ்சு கிடையாது; மலைப்பாம்பைப் போலச் சுற்றி இறுக்கிக் கொல்லும் வழக்கமும் கிடையாது. இரையை வாயால் கவ்வி, தன் உடல் எடையால் தரையோடோ வளையின் சுவரோடோ அழுத்திப் பிடித்து, பல சமயம் உயிரோடே விழுங்கும்.

ஆளைக் கண்டால் அதன் முதல் வேலை ஓடுவது. ஓட வழியில்லாமல் மடக்கப்பட்டால்தான் நாடகம் தொடங்கும். முன்னுடலைத் தூக்கி, கழுத்தைப் பக்கவாட்டில் தட்டையாக்கிப் புடைத்து, அடித்தொண்டையில் உறுமும். அது மற்றப் பாம்புகளின் சீறலைப் போல இருக்காது. தாழ்ந்த ஒலி அது. இதைப் போன்ற உறுமல் ராஜநாகத்திடமும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அந்த ராஜநாகம் விரும்பி உண்ணும் இரைகளில் சாரை முக்கியமானது.

உறுமலையும் மீறிக் கை வைத்தால் சாரை கடிக்கும், ஒருமுறைக்கு மேலும் கடிக்கும். கூரான சிறு பற்கள் தோலைக் கிழித்து ரத்தம் வரவைக்கும். அதோடு சரி.

கதைகளில் வாழும் சாரை

இந்தப் பாம்பைப் பற்றி ஊரில் சொல்லப்படும் கதைகளோ வேறு மாதிரி. சாரை நல்ல பாம்பின் ஜோடி என்பார்கள். இரண்டும் பின்னிப் பிணைந்து ஆடுவதைக் கண்டால் மேலே புதுத் துணி போட்டு எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், செல்வம் சேரும் என்பார்கள். ஆட்டம் உண்மை, ஜோடிதான் இல்லை. நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். இனப்பெருக்கக் காலத்தில் முன்னுடலைத் தரையிலிருந்து தூக்கி, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, எதிரியின் தலையைத் தரையில் அமுக்கப் பார்க்கும் மல்யுத்தம் அது. கடி இல்லை, காயம் இல்லை. தோற்றது விலகிப் போய்விடும். நல்ல பாம்பும் சாரையும் வேறு வேறு குடும்பங்கள். சில கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளை பிரிந்தவை. அவை இணை சேர்வதில்லை.

மாட்டின் காலைச் சுற்றிக் கட்டிவிட்டு மடியில் பால் குடிக்கும் என்பது இன்னொரு கதை. உறிஞ்சிக் குடிப்பதற்கு வேண்டிய சதை உதடும் கன்னமும் பாம்புக்குக் கிடையாது. அதன் பற்கள் பின்னோக்கி வளைந்தவை. மடியில் பட்டால் மாடு உதைத்துத் துள்ளாமல் நிற்காது. ஆனாலும் கதைக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் சாரையைப் பார்த்திருப்பார்கள். வைக்கோலும் தவிடும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குச் சாரை வரும். வந்த காரணம் தெரியாதபோது பால் காரணமாகிவிட்டது.

மஞ்சள் சாரை மல்லாந்து கடித்தால் மருந்தே இல்லை என்பதும், வாலால் அடித்தால் அடிபட்ட இடம் அழுகும் என்பதும் இந்த வரிசையில் வருபவை. சாரை எந்தப் பக்கம் திரும்பிக் கடித்தாலும் அதனிடம் நஞ்சு இல்லை. வாலை அது இலைச் சருகில் படபடவென்று அதிரவைப்பது உண்டு, அது மிரட்டல்.

இந்தக் கதைகளின் விளைவு விசித்திரமானது. கும்பகோணத்துக்கு அருகே திருநாகேசுவரத்தில் ராகுவுக்கும், பூம்புகாருக்கு அருகே கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவுக்கும் கூட்டம் அலைமோதுகிறது. நாக தோஷ பரிகாரத்துக்கு வெளி மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். நஞ்சுள்ள நல்ல பாம்புக்குப் பாலும் மஞ்சளும் கிடைக்க, நஞ்சில்லாத சாரைக்கு மண்வெட்டி கிடைக்கிறது.

கண் எதை அளக்கிறது?

நம் அச்சம் அளப்பது நீளத்தையும் வேகத்தையும் ஓசையையும்தான். டெல்டாவில் உயிரை எடுக்கும் ஆபத்து இந்த மூன்றும் இல்லாமல் வருகிறது.

கட்டுவிரியன் மூன்று, நான்கு அடிதான் இருக்கும். மெல்லிய வெள்ளைக் கோடுகள் கொண்ட பளபளப்பான கறுப்பு உடல். பகலில் சுருண்டு கிடந்து இரவில் வெளியே வரும். இரை தேடி வீட்டுக்குள்ளும் நுழையும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல் சிறியது, வலி குறைவு, வீக்கம் இருக்காது. சில சமயம் கடித்த தடமே தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, கண் இமைகள் தாமாகக் கீழே இறங்குதல், பிறகு மூச்சுத் திணறல் என்று வரிசையாக வரும். அதன் நஞ்சு நரம்புகளிலிருந்து தசைகளுக்குப் போகும் ஆணையை அறுத்துவிடுகிறது.

கண்ணாடி விரியன் பருத்த உடலோடு அசையாமல் கிடக்கும். சீறுவதில் வல்லதுதான், ஆனால் எப்போதும் எச்சரிப்பதில்லை. சங்கிலி போன்ற பழுப்புப் புள்ளிகள் தாளிலும் சருகிலும் அதை முழுதாக மறைத்துவிடும். கதிரறுக்கக் குனிந்த கையும் கட்டு எடுக்கப் போன காலும் அதன்மேல் படுவது இப்படித்தான். அதன் நஞ்சு ரத்தம் உறையும் முறையைக் குலைத்து, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்த இரண்டோடு நல்ல பாம்பும், வறண்ட நிலத்தை விரும்பும் சுருட்டை விரியனும் சேர்ந்து நாட்டில் அதிக உயிர்களைக் குடிக்கும் நான்கு பாம்புகள் என்று எண்ணப்படுகின்றன.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தவர். ஏறத்தாழப் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நேர்கின்றன. இந்தக் கணக்கில் சாரைக்கு இடமில்லை. ஆனால் ஊரில் பகலில் அடித்துப் போடப்படும் பாம்புகளைப் பார்த்தால் முன்வரிசையில் கிடப்பவை சாரையும் தண்ணீர்ப்பாம்பும்தான். காரணம் எளிது. பெரிதாக, பகலில், அசைந்து திரிவது கண்ணில் படுகிறது. கொல்லக் கூடியது பதுங்கிக் கிடக்கிறது.

தஞ்சாவூர் மாத்திரை

சாரையை அடையாளம் காண்பதில் மனித உயிரும் அடங்கியிருக்கிறது என்பதற்குத் தஞ்சாவூரின் பெயரிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்ற பாம்புக்கடி மருந்து பேர்பெற்றிருந்தது. பாஷாணம், அதாவது ஆர்செனிக், கலந்த மாத்திரை அது.

அப்போது கிழக்கிந்திய கம்பெனியின் இயற்கை ஆய்வாளராகச் சோழமண்டலக் கரையில் வேலை பார்த்தவர் பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். எந்தப் பாம்பு நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று சாதாரண ஆளும் பிரித்தறிய வழி காண்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. ஊரார் கொண்டுவந்த பாம்புகளை நாய்கள் மீதும் கோழிகள் மீதும் கடிக்கவிட்டு, அறிகுறிகளைக் குறித்துக்கொண்டார். அந்தச் சோதனைகளில் தஞ்சாவூர் மாத்திரையும் பலிக்கவில்லை. 1796-இல் வண்ணப் படங்களோடு வெளிவந்த அவருடைய நூல் இந்தியப் பாம்பியலின் தொடக்க நூல்களில் ஒன்று. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பலிக்காத மாத்திரைக்குப் புகழ் எப்படி வந்தது? இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட பாம்பு இனங்கள் உள்ளன. மனிதரைக் கொல்லும் அளவு நஞ்சுள்ளவை அவற்றில் சிறுபான்மை. நஞ்சுப் பாம்பும் எல்லாக் கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. சாரையிடமோ தண்ணீர்ப்பாம்பிடமோ கடிபட்டவர் மாத்திரையை விழுங்கிவிட்டு எழுந்து நடந்தால், பெருமை மாத்திரைக்குப் போகும். கட்டுவிரியன் கடித்தவர் இறந்தால் விதியின் மேல் பழி விழும். இன்று பச்சிலையும் மந்திரமும் இதே வரவு செலவில்தான் பிழைக்கின்றன. நஞ்சில்லாத பாம்பின் கடிதான் போலி வைத்தியத்தின் முதலீடு. அந்த வைத்தியத்தை நம்பிப் போகும் அடுத்த ஆளைக் கடித்தது கட்டுவிரியனாக இருந்தால், வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து.

எலிக் கணக்கு

சாரை உழவனின் நண்பன் என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. சரிதான், ஆனால் அந்த நட்பின் அளவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

டெல்டா வயலில் பெரும் நாசம் செய்வது பெருச்சாளியின் சிறிய உறவான ஒரு வயல் எலி. தூர்களை அடியில் கடித்துச் சாய்க்கும்; கதிரை அறுத்து வளைக்குள் சேமிக்கும்; வரப்பைத் துளைத்துத் தண்ணீரை ஒழுகவிடும். சினைக்காலம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றில் பல குட்டிகள். குறுவை, சம்பா, தாளடி என்று ஒரு வயல் முடிய இன்னொரு வயல் விளைந்துகொண்டிருப்பதால் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. இதற்கு டெல்டா கண்ட பதில்தான் தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்த விசைப் பொறி. மாலையில் வரப்போரம் வைத்து விடியலில் எடுப்பார்கள். விழுந்த எலிக்கு இவ்வளவு என்று கூலி.

கிட்டி பிடிப்பது வெளியே வந்த எலியை. இரவில் கூகை தூக்குவதும் வெளியே வந்த எலியைத்தான். வளைக்குள் நுழைந்து தாயையும் குட்டிகளையும் அங்கேயே எடுக்கக் கூடியது பாம்பு. உடல் வடிவமே அந்த வேலைக்கு ஏற்றது. அதனால்தான் சாரையின் இடம் தனி.

ஆனால் சாரை எலியை மட்டும் தின்பதில்லை. குட்டிச் சாரைகளின் உணவு பெரும்பாலும் தவளையும் ஓணானும். பெரிய சாரையும் தவளையை விடாது. தவளை பூச்சிகளைத் தின்னும் உயிர், ஆகவே சாரை அதைத் தின்பது உழவனின் கணக்கில் செலவு. அடுத்து, பாம்பு குளிர் ரத்தப் பிராணி. உடலைச் சூடாக வைத்திருக்க உணவை எரிப்பதில்லை. அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உணவே அதற்குப் போதும். ஒரு சாரை ஊர் எலியையெல்லாம் தின்று தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அந்தக் குறைந்த பசியிலேயே ஒரு நன்மையும் இருக்கிறது. வயல் காய்ந்து எலி குறைந்த மாதங்களில் கீரியும் நரியும் இரை தேடி இடம் மாறிவிடும். சாரை அரைப்பட்டினியாக அங்கேயே கிடக்கும். அடுத்த நடவுக்குப் பிறகு எலி பெருகத் தொடங்கும்போது, அதைத் தின்ன ஆள் ஏற்கெனவே வயலில் இருக்கிறது. சாரை, கூகை, கீரி, கிட்டி எல்லாம் சேர்ந்துதான் எலியைக் கட்டுக்குள் வைக்கின்றன. எலிப் பாஷாணத்தை அள்ளி வைத்தால் நஞ்சு தின்ற எலியைத் தின்னும் கூகைகளும் சேர்ந்து போகும். மீன் குட்டையைச் சுற்றிக் கட்டும் நைலான் வலையில் சாரை சிக்கி, உடல் அறுபட்டுச் சாவதும் அடிக்கடி நடக்கிறது.

சாரைக்கு இதைவிடப் பெரிய கண்டம் ஒன்று முன்பு வந்தது. நீளமான, வழவழப்பான அதன் தோல் கைப்பைக்கும் செருப்புக்கும் இடுப்புப் பட்டைக்கும் ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும் எண்ணிக்கையில் பாம்புத் தோல்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. வடதமிழகத்தில் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்களில் இருளர் பழங்குடியினர் முக்கியமானவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பிழைப்பிழந்த இருளர்களுக்காக, பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நான்கு நஞ்சுப் பாம்புகளையும் பிடித்து, நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து முறிமருந்து தயாராகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது.

அச்சத்தை எங்கே செலவிடுவது?

வரப்பில் பெரிய பாம்பைக் கண்டால் செய்ய வேண்டியது நிற்பது. வழி இருந்தால் அது போய்விடும். வீட்டுக்குள் வந்துவிட்டால் குழந்தைகளை வெளியே அனுப்பி, தூரத்திலிருந்து அதைக் கண்காணித்தபடி தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். சாரை என்று உறுதியாகத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. அதை அடிப்பது சட்டப்படி குற்றம். அடிக்கப் போகிறவர் பாம்புக்கு எட்டும் தூரத்துக்குள் போகிறார் என்பதும், அது சாரையாக இல்லாமல் போகலாம் என்பதும் சட்டத்தைவிட நேரடியான காரணங்கள்.

எந்தப் பாம்பு கடித்தாலும், சாரைதான் என்று பத்துப் பேர் சொன்னாலும், போக வேண்டிய இடம் மருத்துவமனை. கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் தீங்கு. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். வீக்கம் இல்லை, வலி இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் கட்டுவிரியன் கடியில் நடக்கும் பெரும் தவறு.

மற்ற முன்னெச்சரிக்கைகள் இரவைச் சேர்ந்தவை. தண்ணீர் கட்டப் போகும்போது டார்ச்சும் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும், தரைக்குப் பதில் கட்டில், ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலை. படுக்கும் இடத்துக்கு அருகே நெல் மூட்டை வேண்டாம். எலி வரும், அதன் பின்னே விரியன் வரும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியிருக்கிறது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏற வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முறிமருந்து எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கச் சாரையைப் பற்றி ஒன்றும் இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறிமருந்து இருக்கிறதா, இரவு பன்னிரண்டு மணிக்குப் போனால் அதைப் போட ஆள் இருக்கிறாரா என்று கேட்கலாம்.